பழைய ஜப்பானியப் பீங்கான் சேகரிக்கத் தொடங்குவோருக்கு: பெயர், அடிவளையம், பெட்டி

ஃபுகுவோகா நகரின் பழம்பொருள் கடை ஒன்றில், பால்வெள்ளை உடலில் சிவப்பும் பச்சையுமாகப் பூங்கொத்து தீட்டிய சிறு கிண்ணம் ஒன்றைக் காட்டி, “இது காக்கியேமோன் செய்ததுதானா?” என்று பல ஆண்டுகளுக்கு முன் கேட்டேன். கடையிலிருந்த முதியவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “எத்தனையாவது காக்கியேமோன்?” என்று மட்டும் திருப்பிக் கேட்டார். காக்கியேமோன் என்பவர் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரே ஒரு குயவர் என்று அதுவரை எண்ணியிருந்த எனக்கு அந்தக் கேள்வியின் பொருளே விளங்கவில்லை. இத்துறையில் புதிதாக நுழைவோர் பணத்தை எடுப்பதற்கு முன் அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால், இந்த வழிகாட்டியை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதற்படி: பெயர் ஆளுடையதா, வீட்டுடையதா என்று கேளுங்கள்

ஜப்பானின் பழைய குயவர் குடும்பங்களில் சூளையோடும் தொழிலோடும் சேர்ந்து பெயரும் வாரிசுக்கு வருகிறது. தந்தை மறைந்த பின்போ ஒதுங்கிய பின்போ, மகன் தன் இயற்பெயரை விட்டுவிட்டு வீட்டின் பெயரை ஏற்றுக்கொள்கிறார். தென்மேற்கு ஜப்பானின் பீங்கான் ஊரான அரிதாவின் முதல் சகாய்தா காக்கியேமோன் 1596 முதல் 1666 வரை வாழ்ந்தவர். அதே பெயர் தாங்கிய பதினான்காமவர் 1934இல் பிறந்து, 2001இல் ஜப்பானிய அரசால் ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று மக்கள் அழைக்கும் சிறப்பைப் பெற்று, 2013இல் மறைந்தார். இப்போதுள்ள பதினைந்தாமவர் 2014இல் பெயரேற்றார். ஆகவே ஒரு கிண்ணத்தைக் காக்கியேமோன் என்று சொல்வதால், அது முந்நூற்றைம்பது ஆண்டுப் பழையதா, சென்ற தலைமுறையில் செய்ததா என்பது கூடத் தெரியாது.

கியோட்டோவில் தேநீர்க் கிண்ணம் செய்யும் ராக்கு குடும்பத்தில் இந்த வழக்கம் இன்னும் சற்று நுட்பமானது. குடும்பத் தலைவராக இருக்கும்வரை அவர் பெயர் கிச்சிசாயேமோன். ஒதுங்கிய பின் ‘நியூ’ என்று முடியும் தனிப்பெயர் ஒன்று அவருக்கு அமைகிறது. மூன்றாமவரை டோன்யூ என்றும் (1599–1656), 2019இல் ஒதுங்கிய பதினைந்தாமவரை ஜிக்கின்யூ என்றும் குறிப்பிடுவது இதனால்தான். இரத்த உறவும் கட்டாயமன்று. ஐந்தாமவரான சோன்யூ தத்தெடுக்கப்பட்டவர். ஓவியர் ஓகாதா கோரினும் அவர் தம்பியான குயவர் கென்சானும் பிறந்த துணிவணிகக் குடும்பத்திலிருந்து வந்தவர். அவருடைய கருங்கிண்ணங்களை உலகம் ராக்கு என்றே மதிக்கிறது. வம்சம் என்று நாம் சொல்லும் சொல்லைவிட, மடத்தின் பட்டம் போன்றது என்று நினைத்துக்கொண்டால் இவ்வழக்கம் எளிதில் பிடிபடும்.

எனவே விற்பவரிடம் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். எந்த வீடு? எத்தனையாவது தலைமுறை? குடும்பத் தலைவரின் சொந்தக் கைவேலையா, அவருடைய பட்டறையினர் சேர்ந்து செய்த சூளைச் சரக்கா? மூன்றாவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; ஆனால் அண்மைக்காலப் பொருள்களில் விலை பன்மடங்கு மாறுவது அதில்தான். பட்டறைச் சரக்கு மட்டம் என்பதன்று. அதைப் பட்டறை விலைக்கு வாங்க வேண்டும், அவ்வளவே.

இரண்டாம் படி: இந்த வீடுகள் எங்கிருந்து வந்தன என்று அறியுங்கள்

அப்போது ஜப்பானை ஆட்டிவைத்த படைத்தலைவர் டொயோட்டோமி ஹிதேயோஷி 1592 முதல் 1598 வரை கொரியாவின் மீது இருமுறை படையெடுத்தார். அப்படையில் சென்ற மேற்கு ஜப்பானியப் பிரபுக்கள் திரும்பும்போது கொரியக் குயவர்களையும் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்தனர். இன்று நாம் பெருமையோடு பெயர் சொல்லும் வீடுகளில் பல, அப்படிக் கடல் கடத்தப்பட்டவர்களின் வழி வந்தவை. சாகா பகுதியை ஆண்ட நபேஷிமா பிரபுவின் ஆட்களுடன் வந்த யீ சாம்-பியோங், கனகாயே சன்பே என்னும் ஜப்பானியப் பெயருடன் அரிதாவில் குடியேறினார். அங்குள்ள இசுமியாமா குன்றில் பீங்கானுக்குரிய வெண்கல்லைக் கண்டறிந்து, 1616 வாக்கில் ஜப்பானின் முதல் பீங்கானைச் சுட்டவர் அவரே என்பது ஊர் மரபு. ஹகி ஊரின் சாகா கொரைசாயேமோன் வீடும், தெற்கே ஷிமாஸு குலம் ஆண்ட சத்சுமா பகுதியின் சின் ஜுகான் வீடும் அதே போரினால் ஜப்பானுக்கு வந்த கொரியக் குடும்பங்களே.

அரிதாவில் பீங்கான் பெருகியதும், விறகுக்காகக் காடுகள் அழிகின்றன என்று கூறி 1637இல் சாகா ஆட்சி எண்ணூறுக்கும் மேற்பட்ட ஜப்பானியக் குயவர்களைத் தொழிலிலிருந்து நீக்கிச் சூளைகளைக் குறைத்தது. அதன்பின் சீனத்தில் மிங் அரசு 1644இல் வீழ்ந்து அங்கிருந்து பீங்கான் ஏற்றுமதி தடைப்படவே, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அரிதாவை நாடியது. 1659இல் வந்த பெரிய ஆணையிலிருந்து அரிதாவின் பீங்கான் ஐரோப்பிய அரண்மனைகளுக்குப் போகத் தொடங்கியது. சரக்கு கப்பலேறிய துறைமுகம் இமாரி. அதனால் அரிதாவில் செய்த பொருளுக்கு இமாரி என்று பெயர் நிலைத்துவிட்டது. பத்தமடைப் பாய் வேறோர் ஊரின் பெயரில் விற்பது போன்ற நிலைதான்.

அந்த டச்சுக் கப்பல்கள் ஜப்பானுக்கு வெறுங்கையோடு போகவில்லை. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகள் அவற்றில் சென்றன. மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம் என்னும் பெயரே ஜப்பானிய மொழியில் ‘சாந்தோமே’ என்று திரிந்து, கோடு போட்ட பருத்தித் துணிக்குப் பெயராயிற்று. இந்தியாவின் அச்சுத் துணியான ‘சராசா’வை, தேநீர் வழங்குவதைச் சடங்குக் கலையாகப் பயின்ற தேநீர்க் கலைஞர்கள் போற்றி, தங்கள் அரிய பாத்திரங்களுக்கு உறையாகவும் சுற்றுத்துணியாகவும் தைத்துக்கொண்டார்கள். பழைய பெட்டியொன்றைத் திறக்கும்போது மங்கிய சிவப்பில் பூவேலை செய்த துணித்துண்டு கிடைத்தால், அதைக் கந்தல் என்று எறிந்துவிடாதீர்கள். சில வேளைகளில் உள்ளிருக்கும் கிண்ணத்தைவிட அந்தத் துணி விலை பெறும்.

மூன்றாம் படி: ஒரு சிறு பொருளில் தொடங்குங்கள்

தொடக்கத்திலேயே பெரிய வீட்டின் பெயரைத் துரத்தாதீர்கள். ‘சோபா சோக்கோ’ என்னும் சிறு குவளையில் தொடங்குமாறு நான் யாருக்கும் சொல்வேன். அரிதாவிலும் சுற்றுப்புறங்களிலும் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பெருவாரியாகச் செய்யப்பட்ட நீலம்-வெள்ளைக் குவளைகள் இவை. வாய் எட்டு செண்டிமீட்டர் அளவும், உயரம் ஆறேழு செண்டிமீட்டரும் இருக்கும், கையில் அடங்கும். எளிய கோலமுடையவை சில ஆயிரம் யென்னுக்கே கிடைக்கின்றன. ஏராளமாகச் செய்யப்பட்டதால் போலி செய்வதில் இலாபம் குறைவு. ஆயினும் கண்ணுக்குத் தேவையான பயிற்சி முழுவதும் இதில் இருக்கிறது.

என் மேசையில் இருக்கும் ஒரு குவளையைச் சொல்கிறேன். வெளியே வில்லோக் கிளையும் இரண்டு பறவைகளும். நீலம் ஒரே சீராக இல்லை. தூரிகை நின்ற இடத்தில் அடர்ந்தும் இழுத்த இடத்தில் வெளிறியும் இருக்கிறது. உள்ளே அடிநடுவில் ஐந்து இதழ்ப் பூ ஒன்று, ஓரங்கள் சற்றுக் கசிந்தாற்போல் பதிந்திருக்கிறது. இது தூரிகையால் வரைந்ததன்று, அச்சால் ஒற்றியது. ஒரு வகைக் கிழங்குக் கூழை இறுக்கிச் செய்யும் ‘கொன்னியாகு’ என்னும் உணவுப்பொருளை வெட்டி அச்சாக்கினார்கள் என்பது வழிவழிச் செய்தி. அதனால் இதற்குக் கொன்னியாகு அச்சு என்றே பெயர். கவிழ்த்தால், அடியில் பூச்சு (சூளையில் கண்ணாடிபோல் படியும் மேற்பூச்சு) நீக்கிய ஓர் அகன்ற வளையம் பாம்பின் கண்போல் தெரியும் குவளைகளும் உண்டு. அவை பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து வருபவை. மெய்ஜிக் காலத்தில், அதாவது 1868க்குப் பிறகு, ஐரோப்பியச் செயற்கைக் கோபால்ட் நிறம் வந்தது. அரிதாவுக்கு அதன் பயன்பாட்டைக் கொண்டுவந்தவர்களில் 1870இல் அங்கு வந்த ஜெர்மானியர் காட்ஃபிரீட் வாகெனர் முக்கியமானவர். அந்த நீலம் கூச வைக்கும் அளவுக்குப் பளிச்சென்று இருக்கும். காகித வார்ப்புருவும் செப்புத் தகட்டு அச்சும் வந்தபின், ஒரே கோலம் திரும்பத் திரும்ப வந்து, இரு முனைகள் சேருமிடத்தில் சற்றே பிசகி நிற்பதையும் காணலாம். பத்துக் குவளைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இவ்வேறுபாடுகள் சொல்லாமலே விளங்கிவிடும்.

நான்காம் படி: முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

மேல்பக்கம் வாங்குபவருக்காகத் தீட்டியது. அடிப்பக்கத்தில் செய்தவரின் கைப்பழக்கம் இருக்கிறது. ஆகவே எந்தப் பொருளானாலும், கடைக்காரரிடம் இசைவு பெற்று, மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு, மேசைக்கு மிக அருகில் இரு கைகளாலும் பிடித்துக் கவிழ்த்துப் பாருங்கள்.

அடிவளையம், அதாவது பொருள் ஊன்றி நிற்கும் அடிப்பக்க வளையம், பொருளோடு எந்த விகிதத்தில் இருக்கிறது என்பது முதற்குறிப்பு. பதினேழாம் நூற்றாண்டு முற்பாதியின் தொடக்க இமாரித் தட்டுகளில் அடிவளையம் மிகச் சிறியது, தட்டின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே வரும். அவை ஒருமுறை மென்சூடு வைக்காமல் பச்சை மண்ணிலேயே பூச்சுத் தோய்க்கப்பட்டவை. அதனால் விரல் பதிவும் ஒழுகலும் அங்கங்கே காணப்படும். பெரிய தட்டுகளில் அடிவளையத்துக்குள் மூன்று முதல் ஐந்து சிறு புள்ளி வடுக்கள் இருந்தால் குறை என்று எண்ணிவிடாதீர்கள். சூளையில் தட்டின் நடு தொய்ந்துவிடாமல் இருக்கச் சிறு மண்முளைகளை முட்டுக்கொடுத்துச் சுட்டதன் தழும்பு அது. சீனத் தட்டுகளில் இது பொதுவாகக் காணப்படாததால், அரிதாவை அடையாளம் காண நல்ல சான்று.

எழுத்துக்குறியை நம்புவது கடைசியில்தான். அரிதாப் பொருள்களின் அடியில் சீன மிங் அரசின் செங்ஹுவா ஆட்சிப் பெயர் (1465–1487) எழுதப்பட்டிருப்பதை அடிக்கடி காண்பீர்கள். அது ஏமாற்று நோக்கில் எழுதியதன்று, சீனப் பீங்கானின் மதிப்பை நினைவூட்டும் அலங்காரம். ஆனால் அதை நம்பி மிங் காலக் கிண்ணம் கிடைத்துவிட்டதாக மகிழ்ந்தோர் பலர். ‘ஃபுகு’ என்னும் நற்பேறு எழுத்தும் அவ்வாறே பல சூளைகளுக்குப் பொதுவானது. பதினேழாம் நூற்றாண்டுக் காக்கியேமோன் வகைப் பொருள்களிலோ பெரும்பாலும் எந்தக் குறியும் இல்லை. காக்கியேமோன் என்று பெயர் எழுதிய கிண்ணம் முந்நூறு ஆண்டுப் பழையது என்று யாராவது விற்றால், அந்த எழுத்தே ஐயத்துக்கு இடமளிக்க வேண்டும்.

ஏற்றுமதிப் பொருள்களுக்கு மட்டும் குறி திட்டமான காலத்தைச் சொல்லும். அமெரிக்கச் சுங்கச் சட்டப்படி 1891 முதல் உற்பத்தி நாட்டின் பெயர் பொறிக்கப்பட வேண்டியதாயிற்று. அப்போது ஜப்பானியர் ‘நிப்பான்’ என்று ஆங்கில எழுத்தில் பொறித்தார்கள். 1921இல் அது ‘ஜப்பான்’ என்று இருக்க வேண்டும் என்று அமெரிக்கா மாற்றியது. போருக்குப் பின் அமெரிக்கப் படை ஜப்பானில் இருந்த காலத்தில், 1952 வரை, ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்னும் பொருள்படும் ஆங்கிலக் குறி வந்தது. ஆங்கில எழுத்தில் நாட்டின் பெயர் இருந்தால், அப்பொருள் 1868க்கு முந்திய எடோ காலத்ததன்று என்று தயங்காமல் முடிவுகட்டலாம்.

ஐந்தாம் படி: வீடுகளை அவற்றின் கையால் அடையாளம் காணுங்கள்

காக்கியேமோனின் பெருமை இரண்டு. ஒன்று, சுட்ட பூச்சின்மேல் நிறம் தீட்டி மீண்டும் சுடும் முறையை 1640களில் அரிதாவில் கைவரச் செய்தது. மற்றொன்று, ‘நிகோஷிதே’ என்னும் வெண்ணிற உடல். அப்பகுதி வழக்கில் நிகோஷி என்றால் அரிசி களைந்த கழுநீர். பெயர் வைத்தவர் சமையலறையை அறிந்தவர். அந்த வெள்ளையில் நீலம் துளியும் கலவாத, கழுநீரின் இளஞ்சூடான மங்கல் இருக்கிறது. அதன்மேல் பாதி இடத்துக்கு மேல் வெறுமையாக விட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்த கிளையோ காடையோ தீட்டுவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கைவிடப்பட்ட நிகோஷிதேயை, பன்னிரண்டாம், பதின்மூன்றாம் காக்கியேமோன்களான தந்தையும் மகனும் 1953இல் மீட்டெடுத்தார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: அகழாய்வுகளின்படி, காக்கியேமோன் பாணிப் பொருள்கள் அரிதாவின் வேறு சூளைகளிலும் செய்யப்பட்டன. ஆகவே நாணயமான வணிகர் பழைய பொருளைக் ‘காக்கியேமோன் பாணி’ என்றே எழுதுவார். அந்தப் ‘பாணி’ என்ற சொல் விலையைக் குறைக்க வந்ததன்று, உண்மையைச் சொல்ல வந்தது.

நபேஷிமா என்பது விற்பனைக்காகச் செய்ததே அன்று. சாகா பிரபு, நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனுக்கும் பிற பிரபுக்களுக்கும் பரிசளிப்பதற்காக, ஒகாவாச்சியாமா என்னும் காவல் போட்ட மலையிடுக்கில் செய்வித்தது. தட்டுகள் மூன்று, ஐந்து, ஏழு சுன், ஒரு ஷாகு என்று குறித்த அளவுகளில் வரும். ஒரு சுன் ஏறத்தாழ மூன்று செண்டிமீட்டர், பத்துச் சுன் ஒரு ஷாகு. உயர்ந்த அடிவளையத்தைச் சுற்றி நீலத்தில் சீப்புப் பற்கள் போல் கோடுகள் இருக்கும். உண்மையான பொருளில் அப்பற்கள் வெளிக்கோடு போட்டு உள்ளே நிரப்பப்பட்டவை; ஒரே இழுப்பில் போட்ட பற்களைக் கண்டால் பின்வாங்குங்கள். அந்தப் பொருள்களுக்கு வண்ணம் தீட்டிய இமாய்சுமி இமாயேமோன் வீடு, 1871இல் பிரபு ஆட்சி ஒழிந்து ஆதரவு நின்றபின் தானே சூளை கட்டிக்கொண்டு அப்பாணியைத் தொடர்ந்தது. அரிதாவின் பெருந்தீ நிகழ்ந்தது 1828இல். அதற்குப் பின் கட்டிய அவ்வீட்டின் ஓடுகள், வண்ணச் சூளையின் செங்காவிப் புகை ஏறிச் சிவந்திருக்கின்றன. பதின்மூன்றாமவர் 1989இலும் பதினான்காமவர் 2014இலும் வாழும் தேசியச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டார்கள்.

ராக்கு முற்றிலும் வேறு உலகம். பீங்கானன்று, சக்கரத்தில் வனைந்ததுமன்று. கையால் பிடித்துக் கத்தியால் செதுக்கிய தேநீர்க் கிண்ணம். தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவின் (1522–1591) எண்ணப்படி அதைத் தொடங்கியவர் சோஜிரோ, 1589இல் மறைந்தார். கமோ ஆற்றின் கல்லை அரைத்துப் பூசி, கிண்ணம் கனன்றுகொண்டிருக்கும்போதே இடுக்கியால் வெளியே எடுப்பதால் கருங்கிண்ணங்களின் பக்கவாட்டில் இடுக்கித் தழும்பு இருக்கும். தலைமுறைக்குத் தலைமுறை ‘ராக்கு’ முத்திரையின் எழுத்து வடிவம் மாறுகிறது. அவற்றை ஒப்பிடும் அட்டவணைகள் கிடைக்கின்றன. ஆனால் சோஜிரோவின் கிண்ணங்களில் முத்திரையே இல்லை. தொடக்கநிலையில் உள்ளவர் சோஜிரோ கிண்ணம் என்று சொல்லப்படும் எதையும் விலை கேட்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ராக்குவின் அழகு வேண்டும், விலை தாங்காது என்போர், 1666இல் கானசாவாவில் தொடங்கிய ஓஹி வீட்டின் பாகுநிறக் கிண்ணங்களைப் பார்க்கலாம்.

“முதலாவது ராக்கு, இரண்டாவது ஹகி, மூன்றாவது கரட்சு” என்பது கிண்ணங்களைத் தரம் வரிசைப்படுத்தித் தேநீர் அருந்துவோரிடையே வழங்கும் வாய்மொழி. ஹகியில் மிவா கியூசெட்சு, சாகா கொரைசாயேமோன் வீடுகளும், கரட்சுவில் நகாசாதோ தாரோயேமோன் வீடும் முதன்மையானவை. பூச்சே இல்லாமல் செம்பைன் விறகில் பல நாள் சுடும் பிசெனில் கிமுரா, மோரி, தோங்கு, தெராமி, ஓவாயே, கனேஷிகே என்னும் ஆறு வீடுகள் வழிவழி உரிமை பெற்றிருந்தன. இவற்றில் பழைய பொருளைக் கண்டறிய, மண்ணைத் தொட்டுப் பழகிய கை வேண்டும். ஓரிரு ஆண்டுகள் பொறுத்திருங்கள்.

சத்சுமா: என் கை சுட்டுக்கொண்ட இடம்

தந்த நிறத்தில், வலைபோல் நுண்விரிசல் ஓடிய பூச்சின்மேல் பொன்னும் வண்ணமும் தீட்டிய சத்சுமா ஜாடிகள் நம்மவர் கண்ணை முதலில் கவர்கின்றன. பன்னிரண்டாம் சின் ஜுகான் (1835–1906) செய்தவை 1873 வியன்னாக் கண்காட்சியில் பெரும் புகழ் பெற்றன. அதன்பின் மேலைநாட்டாரின் தேவை பெருகவே, கியோட்டோவின் கின்கோசான், ஒசாகாவின் யாபு மெய்சான் முதலானோர் பட்டறைகளிலும் சத்சுமா தீட்டப்பட்டது. மெய்சானின் கிண்ணத்தில் ஓர் அங்குலத்துக்குள் ஊர்வலமே போகும். அவற்றுக்குக் கீழே மலிவுச் சரக்கும் பெருமழையாகப் பெய்தது. இணையத்தில் ஒருவரிடம் “பத்தொன்பதாம் நூற்றாண்டு அரசச் சத்சுமா” என்ற ஜாடியை நான் வாங்கினேன். வந்து சேர்ந்ததைக் கவிழ்த்துப் பார்த்தால், வட்டத்துக்குள் சிலுவை போன்ற ஷிமாஸு குலச்சின்னம் அச்சிட்டாற்போல் வழவழப்பாக இருந்தது. பொன் எங்கும் தேயவில்லை. அடிவளையத்தில் ஒரு கீறலும் இல்லை. ‘அரசச் சத்சுமா’ என்ற அடிக்குறியே அண்மைக்காலச் சீன ஏற்றுமதிச் சரக்கில் வருவது என்பதைப் பணம் போனபின் தெரிந்துகொண்டேன். ஷிமாஸு சின்னம் இருப்பது அக்குலத்தின் சூளையில் செய்ததற்குச் சான்றாகாது. யார் வேண்டுமானாலும் அதைப் போட்டார்கள்.

ஆறாம் படி: பெட்டியைப் படியுங்கள், ஆனால் பெட்டியை வாங்காதீர்கள்

தேநீர்ப் பாத்திரங்களும் பிற்காலக் கலைப்பொருள்களும் ‘கிரி’ என்னும் இலேசான மரத்தில் செய்த பெட்டியில் வரும். செய்தவரே மூடியில் பொருளின் பெயரும் தம் பெயரும் எழுதி முத்திரையிட்டிருந்தால் அது ‘தோமோபாகோ’. பின்வந்த தலைமுறைத் தலைவரோ தேநீர் ஆசானோ பார்த்து உறுதிசெய்து எழுதியது ‘கிவாமேபாகோ’. பொருளுக்கும் பெட்டிக்கும் தொடர்பில்லாமல் பின்னால் சேர்த்து வைத்தது ‘அவாசேபாகோ’. பெட்டி உள்ள கிண்ணத்துக்கும் இல்லாததற்கும் விலை பெரிதும் வேறுபடுவதால், நல்ல பெட்டிக்குள் மட்டமான கிண்ணத்தை வைப்பது பழங்காலத்திலிருந்தே நடக்கும் வேலை.

சோதிப்பது கடினமன்று. பொருள் பெட்டிக்குள் ஆடாமலும் இறுகாமலும் அமர வேண்டும். மூடியில் “கருங்கிண்ணம்” என்று எழுதி உள்ளே செங்கிண்ணம் இருக்கக் கூடாது. எழுதிய மையும் மரமும் ஒரே அளவு மூப்படைந்திருக்க வேண்டும். பெட்டி மூடியின் முத்திரையையும் கிண்ணத்தின் முத்திரையையும் அதே தலைமுறையின் அறிந்த முத்திரையோடு ஒப்பிடுங்கள். பெயருக்கு முன் தலைமுறை எண் எழுதியிருந்தால் (பதினான்காவது என்றால் ‘ஜூயோன்-டை’) வேலை எளிதாகும்.

வல்லுநர்களே தவறியிருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். 1294ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துப் பொறித்த ஒரு ஜாடியை 1959இல் ஜப்பானிய அரசு முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அடுத்த ஆண்டு, செட்டோ வட்டாரத்தின் புகழ்பெற்ற குயவர் கத்தோ தோகுரோ அது தம் கைவேலை என்று வெளியிட்டார். 1961இல் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது.

ஏழாம் படி: குறைகளின் பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள்

ஜப்பானிய விற்பனைக் குறிப்புகளில் குறைகள் ஒளிக்கப்படுவது அரிது. ஆனால் அவை ஒரே சொல்லில் சொல்லிச் செல்லப்படும். ‘ஹோட்சு’ என்றால் விளிம்பில் சில்லு போனது. ‘நியூ’ என்றால் மயிரிழை விரிசல். ‘கன்யூ’ என்றால் பூச்சில் மட்டும் ஓடும் வலை, பெரும்பாலும் குறையன்று. ‘கமாகிஸு’ என்றால் சூளையிலேயே நேர்ந்த வடு. பழம்பொருளில் பொறுத்துக்கொள்ளத் தக்கது. ‘நவோஷி’ என்றால் செப்பனிட்டது. அரக்கால் ஒட்டிப் பொன்தூள் தூவிய ‘கின்ட்சுகி’ மறைக்கப்படாத செப்பம் என்பதால் அதை நான் விரும்பியே வாங்குவேன். அஞ்ச வேண்டியது, நிறம் சேர்த்துப் பூசி மறைத்த செப்பத்துக்கே. புற ஊதா விளக்கில் அது பெரும்பாலும் வேறு நிறமாக ஒளிரும். கன்னத்தில் வைத்தால் பீங்கானின் குளிர்ச்சி அவ்விடத்தில் மட்டும் இராது.

பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கும் நம் வீட்டுப் பழக்கம் இங்கும் உதவும். பீங்கான் கிண்ணத்தை உள்ளங்கையில் நிறுத்தி நகத்தால் மெல்லச் சுண்டினால், நல்லது மணிபோல் ஒலித்து நீளும். விரிசல் கண்டது ‘டொக்’ என்று அவிந்துவிடும். ராக்கு, ஹகி போன்ற மென்சூட்டுப் பாத்திரங்கள் இயல்பாகவே மணியொலி தராதவை. அவற்றில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

எங்கே பார்ப்பது, எங்கே வாங்குவது

வாங்குவதற்கு முன் நூறு பொருள்களையாவது பாருங்கள். அரிதாவில் உள்ள கியூஷுப் பீங்கான் அருங்காட்சியகத்தின் ஷிபாதா தொகுப்பில் எடோ கால அரிதாப் பீங்கான் பத்தாயிரத்துக்கும் மேல் உள்ளது. காலவரிசையில் நிற்கும் அந்தத் தட்டுகளைப் போல் பாடம் சொல்லும் இடம் வேறில்லை. கியோட்டோவில் ராக்கு அருங்காட்சியகமும், டோக்கியோவில் தோகுரி அருங்காட்சியகமும் உள்ளன. ஐரோப்பாவுக்குச் சென்றவற்றைக் காண ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் இருப்போர்க்கு அருகில் என்றால், ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் ஜப்பானியப் பகுதியில் சத்சுமாவும் இமாரியும் உண்டு.

கியோட்டோவில் தோஜிக் கோயில் சந்தை மாதந்தோறும் 21ஆம் நாளும், கித்தானோ தென்மாங்கூ சந்தை 25ஆம் நாளும் கூடுகின்றன. விடியற்காலையில் போங்கள். ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் நடக்கும் அரிதாப் பீங்கான் சந்தை பெரும்பாலும் புதுச் சரக்குக்கானது. விலைப்பட்டியலில் பொருளின் காலத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். சுங்க வகைப்பாட்டில் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளுக்கு 9706 என்னும் தனித் தலைப்பு இருப்பதால், அது உதவும். கிண்ணத்தையும் மரப்பெட்டியையும் தனித்தனியே பொதியச் சொல்லுங்கள். பெட்டிக்குள் வைத்தே அனுப்பினால் அதிர்ச்சி நேராகக் கிண்ணத்துக்குப் போகும்.

வீட்டுக்கு வந்த பின்

பூச்சின்மேல் வண்ணம் தீட்டிய பழைய பொருளில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே புளிக்குழம்பையும் ஊறுகாயையும் அதில் வைக்காதீர்கள்; முறுக்கு, கடலை போன்ற உலர் தின்பண்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொன் தீட்டியதோ கின்ட்சுகி செய்ததோ மைக்ரோவேவ் அடுப்புக்குள் போகக் கூடாது. ஹகிக் கிண்ணத்தை ஒவ்வொரு முறையும் பயன்படுத்துமுன் சிறிது நேரம் வெந்நீரில் அமிழ்த்தி எடுத்தால் தேநீர்க் கறை ஆழமாக இறங்காது. பல ஆண்டுகளில் அதன் நிறம் தானே மாறுவதை ‘ஹகியின் ஏழு மாற்றம்’ என்று போற்றுவார்கள். ராக்குவையும் ஹகியையும் கழுவிய பின், நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இரண்டு மூன்று நாளாவது நிழலில் திறந்து வைத்து, அடிவளையம் கைக்குக் குளிராமல் உலர்ந்தது தெரிந்த பிறகே துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். மழைக்காலத்தில் அவசரப்பட்டு மூடிய என் ஹகிக் கிண்ணம், ஐப்பசி முடிந்து திறந்தபோது பூஞ்சணம் பூத்து மணத்தது. அந்த வாடை போக மூன்று மாதம் ஆயிற்று.